லினக்ஸ் கட்டளை வரி: இலக்கிய ஆய்வுக்கு எங்கே தொடங்குவது? (டிஆர் என் ‘நீ’யைத் தின்றுவிட்டது)

சுவடிக்கட்டு எழுதியது:

வணக்கம். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அற நூல்களில் எந்தச் சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். கையால் அட்டை எழுதிச் சொல்லடைவு தயாரித்த தலைமுறைக்கு என் வணக்கம், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. விண்டோஸ் மடிக்கணினியில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன்.

முதல் சோதனை திருக்குறள். உரையும் முன்னுரையும் சேர்ந்த கோப்பு. அதில் சுருள் மேற்கோள் குறிகளை நீக்க இணையத்தில் பார்த்த வரி இது. டிஆர் என்பது எழுத்துகளை மாற்றவோ நீக்கவோ உதவும் கட்டளை (கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டினேன்):

டிஆர் -டி '“”' < குறள்.உரை > சுத்தம்.உரை

மேற்கோள் குறி போனது. கூடவே நீர், தீ, சீர் எல்லாம் போனது. ஈகாரக் குறி வரும் இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. முன்னுரையில் ‘ஜ’ இருந்த இடங்களிலும் அதே கதி. மற்ற எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. விடுதித் தோழியின் மேக்கில் இதே கோப்பு, இதே வரி, ஒரு குறையும் இல்லை. இது என்ன மாயம்?

இரண்டாவது கேள்வி: எங்கே போனாலும் ‘தெரிந்திருக்க வேண்டிய ஐம்பது கட்டளைகள்’ என்று பட்டியல் தருகிறார்கள். அத்தனையும் எனக்கு வேண்டுமா?

---

பைட்பித்தன் எழுதியது:

ஆகா, நல்ல கேள்வி. பொதுவாக ‘தமிழ் வரவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எந்த எழுத்து உடைகிறது என்று சொன்னதால் உடனே பிடிபட்டது.

லினக்ஸில் இருக்கும் க்னூ டிஆர் (க்னூ திட்டம் எழுதிய டிஆர்) எழுத்தைப் பார்ப்பதில்லை, கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டைப் பார்க்கிறது. யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். சுருள் மேற்கோளும் 3 பைட். பதினாறடிமான எண்ணில் கடைசி இரண்டு பைட்டுகளை மட்டும் சொல்கிறேன்: திறக்கும் மேற்கோளுக்கு 80, 9சி. மூடும் மேற்கோளுக்கு 80, 9டி. நீங்கள் டிஆரிடம் ‘இந்த இரண்டு குறிகளையும் நீக்கு’ என்று சொன்னதாக நினைத்தீர்கள். அது ‘80, 9சி, 9டி என்ற பைட் எங்கே கண்டாலும் நீக்கு’ என்று எடுத்துக்கொண்டது. ஈகாரக் குறியின் மூன்றாவது பைட் 80. ‘ஜ’வின் மூன்றாவது பைட் 9சி. இரண்டுக்கும் வால் வெட்டுப்பட்டது. 9டி-யில் முடியும் தமிழ் எழுத்து எதுவும் இல்லை, அதனால் அந்தப் பக்கம் சேதமில்லை.

மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் வழி வந்த வேறு டிஆர், அது எழுத்தாகவே பார்க்கும். பெயர் ஒன்று, நிரல் வேறு. ஆய்வுக் குறிப்பில் ‘எந்த இயங்குதளத்தில் ஓட்டினேன்’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது (செட் என்பது உரையில் தேடி மாற்றும் கட்டளை): செட் 'எஸ்/[“”]//ஜி' குறள்.உரை > சுத்தம்.உரை

செட் உங்கள் லொகேல் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருந்தால் எழுத்தாகப் பார்க்கும். ‘லொகேல்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது, அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னப் பயிற்சி. பிரிண்ட்எஃப் 'தமிழ்' | டபிள்யூசி -சி என்று அடித்தால் 15 வரும், அது பைட். -எம் போட்டால் 5 வரும், அது யூனிகோடு குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). நம் கணக்கில் எழுத்து 3. அந்த மூன்றை வரவழைக்க:

பிரிண்ட்எஃப் 'தமிழ்' | கிரெப் -ஓபி '\எக்ஸ்' | டபிள்யூசி -எல்

இதில் பி, எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்து. வெற்றிடத்தையும் ஓர் எழுத்தாக எண்ணிவிடும், அதை முன்னாலேயே நீக்கிவிடுங்கள். ‘க்ஷ’ இரண்டாகப் பிரியும், குறளுக்கு அந்தக் கவலை இல்லை.

---

நேர்கோடு எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? நேரடியாகப் பைத்தான் நிரல்மொழிக்குப் போங்கள். பைத்தான் 3 வந்தது 2008இல், அப்போதிருந்தே எழுத்துச் சரம் என்றால் யூனிகோடுதான். டிஆர், செட், ஆக் என்று பழங்காலக் கருவிகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

---

வயல்வரப்பு எழுதியது:

நேர்கோடு அண்ணா, பைத்தான் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த நிரலை எந்தக் கோப்பகத்தில் வைத்து எப்படி ஓட்டுவது, பாதியில் நின்றால் எப்படி நிறுத்துவது, கோப்பில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? அங்கே கட்டளை வரிதானே வருகிறது.

நான் நெல் மரபணு வரிசைகளோடு மாரடிப்பவள். எங்களுக்கு வரும் ஃபாஸ்ட்க்யூ (மரபணு வரிசையும் அதன் தர மதிப்பெண்ணும் உள்ள) கோப்பு ஒன்றே பல ஜிபி. அதை எந்தச் செயலியில் திறந்தாலும் கணினி படுத்துவிடும். லெஸ் என்று அடித்தால் உடனே முதல் பக்கம் வரும். ஒரு வரிசைக்கு நான்கு வரி என்பதால் டபிள்யூசி -எல் தரும் எண்ணை நான்கால் வகுத்தால் எத்தனை வரிசைகள் என்று தெரிந்துவிடும். புதிதாக வரும் மாணவர்கள் ‘@’ குறியில் தொடங்கும் வரிகளை கிரெப் -சி போட்டு எண்ணுவார்கள், எண் கூடுதலாக வரும். காரணம், தர மதிப்பெண் வரியும் ‘@’இல் தொடங்கலாம்.

சுவடிக்கட்டு, ஐம்பது வேண்டாம். என் ஆய்வகத்தில் முதல் வாரம் சொல்லித்தருவது: இருக்கும் இடம் தெரிய பிடபிள்யூடி, என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ், இடம் மாற சிடி, பார்க்க லெஸ், ஹெட், டெய்ல், எண்ண டபிள்யூசி, தேட கிரெப், அடுக்க சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்க யூனிக். அப்புறம் ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குத் தரும் குழாய் | மற்றும் >. டேப் விசையை அழுத்தினால் கோப்புப் பெயர் தானாக நிரம்பும், இதை மட்டும் முதல் நாளே பழகிவிடுங்கள். பாதி எழுத்துப்பிழை அதிலேயே போய்விடும்.

எச்சரிக்கை இரண்டு. கோப்பை அழிக்கும் ஆர்எம் போட்டால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அதைவிட மோசம் ‘>’ குறி. கோப்பு ஏற்கெனவே இருந்தால் கேட்காமலே காலி செய்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். எங்கள் துறையில் ஃபாஸ்டா கோப்பின் தலைப்பு வரிகள் ‘>’ என்று தொடங்கும். அதை எண்ண கிரெப் -சி > நெல்.ஃபாஸ்டா என்று மேற்கோள் போடாமல் அடித்தால், ஷெல் (நாம் தட்டும் கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) முதல் வேலையாக உங்கள் நெல்.ஃபாஸ்டாவைத் துடைத்துவிடும். '>' என்று மேற்கோளுக்குள் போட வேண்டும்.

மூலக் கோப்புகளைத் தனிக் கோப்பகத்தில் வைத்து சிஎச்மாட் ஏ-டபிள்யூ போட்டுவிடுங்கள். எழுத அனுமதி இல்லை என்று ஷெல் மறுத்துவிடும்.

---

சுவடிக்கட்டு எழுதியது:

பைட்பித்தன் அண்ணா, செட் வேலை செய்தது, ‘நீ’ திரும்பி வந்துவிட்டது. மிக்க நன்றி. வயல்வரப்பு அக்கா, சிஎச்மாட் போட்டாயிற்று.

உரையை ஒதுக்கி மூலத்தை மட்டும் தனிக் கோப்பாக்கி, சொற்களை எண்ண இதை ஓட்டினேன்:

டிஆர் -எஸ் ' ' '\என்' < மூலம்.உரை | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

பட்டியல் வருகிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ‘உலகு’ இரண்டு இடத்தில் தனித்தனி எண்ணிக்கையோடு வருகிறது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. இன்னும் பல சொற்கள் இப்படித்தான். ‘அகர’ என்று வரித் தொடக்கத்தில் தேடினால் முதல் குறளே கிடைக்கவில்லை!

---

பைட்பித்தன் எழுதியது:

இரண்டாக வருபவை எல்லாம் அடியின் கடைசிச் சீராகவும் வரும் சொற்களா என்று பாருங்கள். அப்படியானால் கோப்பு நோட்பேடில் சேமித்தது. விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்றை வைக்கும். அடியின் நடுவில் வரும் ‘உலகு’ வேறு, இறுதியில் வரும் ‘உலகு’ வேறு என்று யூனிக் நினைத்துக்கொள்கிறது.

‘அகர’ கிடைக்காததற்குக் காரணம் கோப்பின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியாக இருக்கும். ஃபைல் மூலம்.உரை என்று அடியுங்கள், இரண்டையும் அதுவே சொல்லிவிடும். டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு நிரலை நிறுவி ஓட்டினால் இரண்டும் போகும்.

டிஆரை வெற்றிடத்துக்குப் பயன்படுத்தியது சரிதான். வெற்றிடம் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான ஒற்றை பைட் குறியேற்றம்), தமிழ் எழுத்தின் எந்த பைட்டோடும் மோதாது.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதிய அந்தக் குழாய் வரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1986இல் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி தன் இதழ்ப் பத்திக்காக, ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிடும் நிரல் எழுதித்தரும்படி இன்னொரு கணினி அறிஞர் டொனால்ட் நூத்தைக் கேட்டார். நூத் பல பக்கங்களுக்கு அழகான நிரல் ஒன்று எழுதினார். அதைத் திறனாய்வு செய்தவர் டக் மெக்கில்ராய், 1973இல் யூனிக்ஸில் (லினக்ஸின் முன்னோடி) குழாய் வருவதற்கே காரணமாக இருந்தவர். நூத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளைகளைக் குழாயில் கோத்துச் செய்து காட்டினார். உங்கள் வரி அதன் தங்கை. அவர் டிஆரில் ஆங்கில எழுத்து வரம்பைக் கொடுத்திருந்தார், அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஓர் எழுத்துகூட மிஞ்சாது.

---

யாழ்தேவிப்பயணி எழுதியது:

இதைப் படித்துக்கொண்டு வந்தேன், ஒரு விஷயம் சேர்க்கிறேன். எங்கட பக்கத்துப் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். அது குறியேற்றமே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. டெர்மினலில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு இருப்பது அரைப்புள்ளிதான்! நிறுத்தக்குறிகளை நீக்குகிறேன் என்று ஒரு வரி ஓட்டினால் நூல் முழுக்கப் புள்ளி போய்விடும். ஓலைச்சுவடிக்காரருக்கு அது பழக்கம், நமக்கு இல்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

பழைய திஸ்கி (தமிழுக்கென அமைந்த ஒரு குறியேற்றம்) கோப்புகள் கிடைத்தால் கவலை குறைவு. குறியேற்றம் மாற்றும் லினக்ஸின் ஐகன்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். -எஃப்-க்குப் பின் திஸ்கி, -டி-க்குப் பின் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் மாற்றித்தரும். பாமினியை ஐகன்வ் அறியாது, அதற்குத் தனி மாற்றிதான்.

---

நேர்கோடு எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்தச் சிக்கல்கள் பைத்தானிலும் வரும். வரி முடிவைப் பைத்தான் தானே கவனித்துக்கொள்ளும், பிஓஎம்-மைக் கவனிக்காது. ஆனாலும் கேட்கிறேன்: ஆண்ட்கான்க் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் சொல்லடைவும் சூழலும் சேர்ந்தே வருகிறதே? இலக்கியக்காரருக்கு அது போதாதா?

---

வயல்வரப்பு எழுதியது:

பார்ப்பதற்குப் போதும். ஆறு மாதம் கழித்து நெறியாளர் ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று கேட்டால், எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? இங்கே ஹிஸ்டரி என்று அடித்தால் செய்தது எல்லாம் வரிசையாக நிற்கும். அதில் வேண்டியதை ஒரு கோப்பில் ஒட்டி வைத்தால் அதுவே ஆய்வு முறையின் பாதி. நான் ஆண்ட்கான்க்கை எதிர்க்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

---

பைட்பித்தன் எழுதியது:

சரியாக ஓடியது என்று எப்படித் தெரியும் என்பதைப் பற்றி யாருமே பேசவில்லை. கட்டளை பிழைச்செய்தி தராவிட்டால் வெற்றி என்று நினைத்துவிடுகிறோம். டிஆர் ஏதாவது பிழை சொன்னதா? வாயே திறக்காமல் ‘நீ’யைத் தின்றது.

குறளில் ஒரு வசதி, விடை முன்னாலேயே தெரிந்த கேள்விகள் நிறைய. 1330 குறள், ஒவ்வொன்றும் இரண்டு அடி. மூலம் மட்டும் இருந்தால் டபிள்யூசி -எல் 2660 தர வேண்டும். அதிகாரத் தலைப்புகள் ஒட்டியிருந்தால் 133 கூடும். குறளுக்கு 7 சீர், ஆக டபிள்யூசி -டபிள்யூ 9310 தர வேண்டும். வேறு எண் வந்தால் மேலே போகாதீர்கள், ஏன் என்று பாருங்கள்.

பூஜ்யம் வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ‘தமிழ்’ என்ற சொல் குறளில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. கிரெப் -சி 'தமிழ்' பூஜ்யம் காட்டினால் இரண்டு பொருள்: உண்மையிலேயே இல்லை, அல்லது உங்கள் தேடலே வேலை செய்யவில்லை. உடனே இருப்பது தெரிந்த ஒன்றைத் தேடுங்கள், ‘கொல்லாமை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பூஜ்யம் என்றால் கோளாறு தேடலில்.

‘கொல்லாமை’யை வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரெப்புக்கு வேறு வேறு. பல மூலங்களிலிருந்து கோப்பு திரட்டும்போது இது கட்டாயம் வரும். ஐசியு-டெவ்டூல்ஸ் பொதியை நிறுவினால் யூகன்வ் என்று ஒரு கட்டளை கிடைக்கும். யூகன்வ் -எக்ஸ் என்எஃப்சி என்று ஒருமுறை ஓட்டிவிட்டால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

---

சுவடிக்கட்டு எழுதியது:

வரிகள் 2660, அச்சாக வந்தது. சொற்கள் 9310 வரவில்லை, கூடுதலாக வருகிறது. பதறிப்போய் உள்ளே பார்த்தேன். கோளாறு கணினியில் இல்லை, பதிப்பில். என் கோப்பு ‘எழுத்தெல்லாம்’ என்பதை ‘எழுத்து எல்லாம்’ என்று பிரித்திருக்கிறது, வேறு சில இடங்களில் சேர்த்தே விட்டிருக்கிறது. சந்தி பிரித்த பதிப்பு என்று போட்டிருந்தாலும் ஒரே நெறியாகப் பிரிக்கவில்லை.

இன்னொரு பதிப்போடு ஒப்பிட்டதும் சிக்கல் பெரிதானது. 11ஆம் குறள் அங்கே ‘வானின் றுலகம்’ என்று சீர் பிரித்திருக்கிறது. ‘உலகம்’ என்று கிரெப் செய்தால் இந்தக் குறள் அகப்படாது, உகரம் ‘று’வுக்குள் கரைந்துவிட்டது. ஆக, எண்ணியது சீரையா சொல்லையா? இலக்கணத்தில் படித்த கேள்வியை டெர்மினலில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

இன்னொரு சிறு கேள்வி: பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் ‘ன’ ஏன் ‘ந’வுக்கு அடுத்து வருகிறது?

---

பைட்பித்தன் எழுதியது:

சின்னக் கேள்விக்கு முதலில். உங்கள் சார்ட் சி-லொகேலில் ஓடுகிறது, அதாவது யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. அந்த அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்த எண்ணே ‘ன’வுக்கு, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. யூனிக்குக்கு முன்னால் ஓட்டும் சார்ட்டுக்கு அது நல்லதே, ஒரே சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும். எல்சி_ஆல்=சி என்று வெளிப்படையாகவே போடுங்கள், எந்தக் கணினியிலும் ஒரே விடை வரும். ஆய்வேட்டில் அச்சிடும் இறுதிப் பட்டியலுக்கு மட்டும் தமிழ் லொகேலை நிறுவி அடுக்கிப் பாருங்கள், முடிவைக் கண்ணாலும் சரிபாருங்கள்.

பெரிய கேள்விக்கு ஷெல்லில் விடை இல்லை. சந்தி பிரிப்பது உங்கள் துறை. ‘லகம்’ என்று தேடினால் ‘றுலகம்’ அகப்படும், கூடவே வேண்டாததும் வரலாம். கிரெப் -என் போட்டால் வரி எண்ணோடு வரும், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுவதுதான் வழி. இரண்டு பதிப்புகளையும் டிஃப் கட்டளையில் ஒப்பிட்டால் எங்கெங்கே பிரிப்பு வேறுபடுகிறது என்ற பட்டியலாவது கிடைக்கும்.

---

நேர்கோடு எழுதியது:

அந்த டிஃப் பட்டியலே ஓர் இயல் தேறும் போலிருக்கிறதே!

---

சுவடிக்கட்டு எழுதியது:

நெறியாளரும் அதைத்தான் சொன்னார். கீழ்க்கணக்கு பதினெட்டுக்கும் பதிப்பு ஒப்பீடு, பிறகு சங்க இலக்கியம் என்று ஆசைப்படுகிறார். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பெரிய சர்வரில் கணக்கு வாங்கித்தருகிறேன் என்கிறார். எனக்கு அது வேண்டுமா?

---

வயல்வரப்பு எழுதியது:

சங்க இலக்கியம் முழுவதும் உங்கள் மடிக்கணினியில் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடும், சில எம்பிதான். மரபணு, வானிலை, மூலக்கூறு ஆட்கள்தான் அங்கே வரிசையில் நிற்கிறோம். திருச்சி என்ஐடியில் 2022இல் தொடங்கிய பரம் பொருள் மீக்கணினி மாதிரியானவை எங்களுக்கானவை. ஆனால் கணக்கு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கேயும் இதே கட்டளைகள்தான். உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் கட்டளை) போட்டு உள்ளே போனதும் டிமக்ஸ் என்று அடித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், விடுதியில் மின்சாரம் போனாலும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். கோப்பு அனுப்ப ஆர்சிங்க், பாதியில் அறுந்தால் ஏற்கெனவே போன கோப்புகளை மறுபடி அனுப்பாது.

டபிள்யூஎஸ்எல்லில் கோப்புகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? விண்டோஸ் சி-டிரைவில் என்றால் உபுண்டுவின் ஹோம் கோப்பகத்துக்கு மாற்றுங்கள், வேகம் தெரியும்.

---

சுவடிக்கட்டு எழுதியது:

சி-டிரைவில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். நாலடியாரை இப்போதுதான் எடுத்திருக்கிறேன். 400 வெண்பா, நான்கு அடி, 1600 வரி வர வேண்டும். 1604 வருகிறது. போய்ப் பார்க்கிறேன்.

---

யாழ்தேவிப்பயணி எழுதியது:

வெறும் வரியா என்று முதல்ல பாருங்கோ: கிரெப் -என் '^$'. கடவுள் வாழ்த்தும் நான்கு அடிதானே, அது நானூறுக்கு வெளியே.